எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?

நம் இயக்க மேடைகளில் ஆஸ்பத்திரி என்றால் ஒரே கோரிக்கைதான். எங்க ஊர்லயும் ஒண்ணு கட்டு. கேட்டதில் தப்பில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959இல் வந்தது. திருவாரூருக்கு ஒன்று வர 2010 ஆனது, நாகப்பட்டினத்துக்கு 2022. அதுவரை கடைமடைச் சேரியில் பெரிய நோய் வந்தால் தஞ்சாவூருக்கு பஸ் ஏறியவர்கள் நாம். ஆனாலும் தோழர்களே, இந்தக் கோரிக்கையில் ஒரு ஓட்டை இருக்கிறது. கட்டடம் வந்த பிறகு அதற்குள்ளே யார், எதை, எத்தனை தடவை செய்து பழகியிருக்கிறார்கள் என்று நாம் கேட்டதே இல்லை. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் செய்கிற ஒரு சின்ன அறுவையை வைத்து இதைப் பேசுகிறேன். சின்ன அறுவைதான். ஆனால் நம் பெண்களின் கை அதில் இருக்கிறது.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொள்ளும், தெரியும். அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. மார்பிலிருந்து ஓடுகிற நிணநீர் பெரும்பாலும் அக்குளுக்குத்தான் வருகிறது. அங்கே இருபது முப்பது முடிச்சுகள். மார்பில் வந்த புற்று பரவ நினைத்தால் இந்த வாய்க்கால் வழியாகத்தான் முதலில் கிளம்பும். அதனால்தான் ரொம்ப காலம் மார்போடு சேர்த்து அக்குளையும் வழித்து எடுத்தார்கள். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் 1890களில் நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுத்தார். தசையை விட்டுவிடலாம் என்று பிற்பாடு புரிந்தது. அக்குளை வழிப்பது மட்டும் நின்றபாடில்லை.

பாசனம் தெரிந்தவர்களுக்கு அடுத்ததை விளக்க வேண்டியதில்லை. தலைமடையில் தண்ணி ஏறாமல் கடைமடைக்குப் போகாது. அக்குளிலும் அப்படித்தான். மார்பிலிருந்து வரும் வாய்க்கால் முதலில் பாயும் முடிச்சு ஒன்றோ இரண்டோ மூன்றோ இருக்கும். அது சுத்தமாக இருந்தால் பின்னால் இருப்பவையும் அநேகமாகச் சுத்தம். அதை மட்டும் எடுத்துப் பார், சுத்தமென்றால் மற்றதைத் தொடாதே. இவ்வளவுதான் யோசனை. ஆங்கிலத்தில் சென்டினல், அதாவது காவல்காரன் என்று பேர் வைத்தார்கள். காவல்காரர்களோடு நமக்கு நல்ல அனுபவம் இல்லாததால் நான் தலைமடை முடிச்சு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அதைக் கண்டுபிடிக்க மார்பில் நீலச் சாயம் போடுவார்கள். கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு அக்குளைத் திறந்தால் நீலமாக ஒரு இழை ஓடும். அதைத் தொடர்ந்து போனால் நீலமேறிய முடிச்சு. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைப் போட்டு, ஒரு கருவியை வைத்து அது சத்தம் போடுகிற இடத்தில் தேடுவது இன்னொரு வழி. இரண்டையும் சேர்த்துச் செய்தால் தவறுவது குறைவு.

இதனால் என்ன லாபம்? கை. அக்குளை முழுசாக வழித்தவர்களில் நூற்றுக்கு இருபது பேருக்குக் கை வீங்குகிறது, தலைமடை முடிச்சோடு நிறுத்திக்கொண்டவர்களில் ஐந்தாறு பேருக்கு. 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கு இது. வாய்க்காலை வெட்டிவிட்டால் தண்ணி வடிய வழியில்லாமல் வயலில் தேங்குவதுபோல நிணநீர் கையிலேயே தேங்கிவிடும். யானைக்காலைப் பார்த்து வளர்ந்த கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு இந்த வீக்கத்தை வர்ணிக்க வேண்டியதில்லை. வந்தால் முழுசாகப் போகாது. அந்தக் கையில் சின்னக் கீறல் பட்டாலும் கிருமி ஏறும், காய்ச்சல் அடிக்கும், வீக்கம் இன்னொரு படி கூடும். அதனால் டாக்டர் சொல்லி அனுப்புவார்: பாரம் தூக்காதே, வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள், சேற்றில் கை வைக்காதே.

சேற்றில் கை வைக்காதே! யாரிடம் சொல்கிறார்கள்? இடது கையில் நாற்றுமுடியும் வலது கையில் நாலு நாற்றுமாகக் காலையிலிருந்து குனிந்து நிற்கிறவளிடம். நத்தை ஓடு கிழிக்கும், நண்டு கடிக்கும், அரிவாள் வழுக்கும், ஊறின விரலில் நகம் பெயரும். நடவு மெஷின் வந்துவிட்டது என்பார்கள். வந்த பிறகு எஞ்சியிருக்கிற களையெடுப்பும் கைவேலைதானே? மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்குக் கை வீங்கினால் துன்பம். நிலமில்லாத சேரிப் பெண்ணுக்கு அதுதான் கூலி, அதுதான் சோறு. இந்தச் சின்ன அறுவை யாருக்கு அதிகம் வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாயம் போட்டால் முடிச்சு தானாக வந்து நிற்பதில்லை. தேடத் தெரிய வேண்டும். மார்பகப் புற்றில் நீலச் சாயத்தை வைத்து இதைச் செய்து காட்டிய கலிபோர்னியா மருத்துவர் ஜூலியானோ 1994இல் வெளியிட்ட கணக்கு இது: 174 தடவை தேடியதில் 114 தடவைதான் முடிச்சு அகப்பட்டது. வழியைக் கண்டுபிடித்தவருக்கே மூன்றில் ஒன்று கைநழுவியது. போகப் போகத்தான் அவர் கை தேறியது. 1998இல் க்ராக் என்பவர் 11 அறுவை மருத்துவர்களிடம் 443 பெண்களுக்குச் செய்ததைத் தொகுத்து எழுதினார். அக்குளில் நோய் இருந்தும் தலைமடை முடிச்சு சுத்தம் என்று தவறாகத் தேறியது ஒரு மருத்துவரிடம் பூஜ்யம், இன்னொருவரிடம் 28.6 விழுக்காடு. நோய் ஒன்று, முறை ஒன்று, கருவி ஒன்று. கை மட்டும்தான் வேறு.

ஃபுளோரிடாவில் ஒரு புற்றுநோய் மையத்தில் இன்னும் நெருக்கமாக எண்ணினார்கள். ஒரு மருத்துவர் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை முடிச்சைப் பிடிக்கிற நிலைக்கு வர சராசரியாக 23 அறுவை, தொண்ணூற்றைந்துக்கு வர 53. தேறின பிறகும் கதை முடியவில்லை. மாதம் மூன்றுக்கும் குறைவாகச் செய்கிறவர்கள் 86 விழுக்காட்டில் நின்றார்கள், ஆறுக்கு மேல் செய்கிறவர்கள் 98ஐ நெருங்கினார்கள். பேங்க்கில் கேஷ் கவுண்ட்டரில் உட்கார்ந்தவனுக்கு இது ஆச்சரியமில்லை. கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கி போட்ட அடையாளங்களைப் படித்தால் போதாது. தினம் கட்டுக்கட்டாக எண்ணுகிற விரலுக்கு அது தானாகத் தட்டுப்படும். ஆறு மாசம் லோன் செக்‌ஷனில் உட்கார வைத்தால் அதே விரல் மறந்துவிடும்.

மருத்துவரின் கை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். எடுத்த முடிச்சை மெல்லிசாகச் சீவிப் பார்க்கிற நோய்க்குறியியல் மருத்துவர், சாயம் போடுகிற நேரம் தெரிந்த தியேட்டர் நர்ஸ், முன்னாடியே அக்குளை ஸ்கேனில் பார்த்துச் சொல்கிறவர், இவர்கள் எல்லாரும் சேர்ந்ததுதான் ஒரு ஆஸ்பத்திரியின் அனுபவம். அரசு ஆஸ்பத்திரியில் இதைக் கலைக்க ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போதும். மேல்படிப்பு மாணவர்கள் மூன்று வருடத்தில் போய்விடுவார்கள்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5611 பெண்களைச் சேர்த்து நடத்தி 2010இல் வெளியான பெரிய ஆய்வில், பத்தில் ஒன்று தவறவிட்டும்கூட, தலைமடை முடிச்சு சுத்தமாக இருந்தவர்களில் அக்குளை வழித்தவர்களும் வழிக்காதவர்களும் ஒரே அளவுதான் உயிர் வாழ்ந்தார்கள். அப்படியானால் அனுபவம் எதற்கு என்று யாராவது கேட்கலாம். அந்த ஆய்வின் மருத்துவர்கள் பயிற்சி பெற்றுத் தேறிய பிறகே சேர்க்கப்பட்டவர்கள். அங்கே தவறிய முடிச்சைப் பின்னால் வரும் மருந்தும் கதிர்வீச்சும் பெரும்பாலும் பார்த்துக்கொண்டன. நம் பெண்ணோ ஆறு தடவை ஏற்ற வேண்டிய மருந்தை மூன்றாவது தடவையோடு விட்டுவிடுகிறாள். பஸ் காசு இல்லை, அறுப்புக்கூலி போய்விடும். அவளுக்குத் தவறு தவறாகவே நின்றுவிடும். பழகாத கை முடிச்சைக் கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் கதை இதுதான். அப்போது அக்குளை முழுசாக வழிக்க வேண்டியதுதான், அதுதான் விதிமுறை. உயிருக்கு அது பத்திரம். கை போச்சு.

என் கவுண்ட்டருக்கு ஒரு அக்கா வருவார். தோட்டை அடகு வைத்த நகைக்கடனைத் திருப்பி வைக்க வந்தவர். ஜாக்கெட்டின் வலது கையைத் தையல் பிரித்துவிட்டிருந்தார்.

“என்னக்கா கை இப்டி?”

“ஆப்ரேசன் பண்ணது தம்பி. நெறியெல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்க.”

“எல்லாத்துலயும் பரவிடுச்சாமா?”

“ஒண்ணுத்துலயும் இல்லியாம். நல்ல சேதின்னு சொன்னாங்க.”

மஞ்சப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். எடுத்த முடிச்சு 16, நோய் உள்ளவை 0. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. இது ஒரு ஆஸ்பத்திரியின் கதை மட்டும் இல்லை. ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்கிற வழி இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பதினாறு சுத்தமான முடிச்சைக் கொடுத்துவிட்டு நல்ல சேதியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நடவுக்குப் போவதை விட்டு இப்போது இரண்டு ஆடு வைத்திருக்கிறார்.

அனுபவம் என்கிற சொல்லையும் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருத்துவத்தின் அனுபவம் யார் உடம்பில் சேர்ந்தது? நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்ட மரியன் சிம்ஸ் 1840களில் அலபாமாவில் அடிமைப் பெண்களின் உடம்பில் மயக்க மருந்து இல்லாமல் வெட்டித் தைத்துப் பழகினார். அனார்ச்சா என்கிற ஒருத்திக்கு மட்டும் முப்பது தடவை. பழகி முடித்த பிறகு நியூயார்க்குக்குப் போனார், பெரிய வீட்டுப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். அங்கே அவருக்கு வைத்த சிலையை 2018இல்தான் கறுப்பின மக்கள் போராடி எடுக்கவைத்தார்கள்.

நம் அரசு ஆஸ்பத்திரிகள் அலபாமா கொட்டகைகள் என்று சொல்ல வரவில்லை. எந்த மருத்துவருக்கும் முதல் இருபது நோயாளிகள் யாரோ இருக்கத்தான் வேண்டும். அதற்கு ஒழுங்கான வழி உண்டு. அமெரிக்க மார்பக அறுவை மருத்துவர் சங்கம் 2000ஆம் வருடமே எழுதி வைத்தது: முதல் இருபது பேருக்குத் தலைமடை முடிச்சையும் எடு, வழக்கம்போல அக்குளையும் வழி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார். நூற்றுக்கு எண்பத்தைந்து தடவையாவது கண்டுபிடித்து, தவறு ஐந்துக்குள் இருந்தால் மட்டும் தனியாகச் செய். இதன் அர்த்தம், முதல் இருபது பெண்களுக்கு லாபம் ஒன்றுமில்லை. இருபத்தோராவது பெண்ணுக்காகத் தங்கள் அக்குளைக் கொடுக்கிறார்கள். இருபதும் பொதுவார்டில் சேரிப் பெண்களாகவும், இருபத்தோராவது ஆள் சாயங்காலம் டாக்டரின் சொந்தக் கிளினிக்குக்குக் காரில் வருகிறவளாகவும் இருந்தால் அந்த அனுபவத்துக்குச் சாதி இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

கற்பனையில் பேசவில்லை. அமெரிக்காவில் 2002 முதல் 2007 வரை, அக்குளில் நோய் பரவாத வயதான பெண்களைக் கணக்கெடுத்தார்கள். வெள்ளைப் பெண்களில் நூற்றுக்கு 74 பேருக்குத் தலைமடை முடிச்சு அறுவை கிடைத்திருக்கிறது, கறுப்புப் பெண்களில் 62 பேருக்கு. ஐந்து வருடத்தில் கை வீங்கியது வெள்ளையரில் 8.2 விழுக்காடு, கறுப்பரில் 12.3. எண்ணினார்கள், அதனால் தெரிந்தது. இங்கே சாதிவாரியாக ஜனத்தொகையை எண்ணவே எத்தனை சண்டை!

இனி நம் பக்கம். நம் பெண்கள் தாமதமாக வருகிறார்கள். கட்டி பெரிசாகி, அக்குளில் நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கைக்குத் தட்டுப்படுகிற நிலையில் வருகிறவளுக்கு இந்தச் சின்ன அறுவை பொருந்தாது. உடனே ‘விழிப்புணர்வு இல்லை’ என்று போர்டு எழுதிவிடுவார்கள். அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் எழுதி, 1929 டிசம்பரில் யங் இந்தியாவில் வந்த கடிதம். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு மோசமானது. இந்து டாக்டர் இரண்டு ரூபாய் ஃபீஸுக்குச் சேரி எல்லை வரை வந்தார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். வந்த வழியே அது திரும்பிப் போயிற்று. தொடாமலே நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெண் செத்துப்போனாள்.

மார்பையும் அக்குளையும் தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிற நோய் இது. தொடுவதற்கு முன்னாலேயே மூஞ்சியைச் சுளிக்கிற இடத்துக்கு ஒரு பெண் ஏன் சீக்கிரம் வருவாள்? தஞ்சாவூரின் பழைய ஆஸ்பத்திரிக்குப் பேரே ராசா மிராசுதார். ராஜாவும் மிராசுதார்களும் கொடுத்து எழுந்ததாம். மிராசுதார் கொடுத்த பணம் எந்த நடவாள் நட்ட நெல்லிலிருந்து வந்தது என்று கல்வெட்டில் எழுதமாட்டார்கள். விஷயம் அதுவல்ல, போகட்டும். நான் சொல்ல வருவது ஒரு சுழல். நாம் தாமதமாக வருகிறோம். அதனால் சின்ன அறுவைக்குத் தகுந்தவர்கள் அரசு ஆஸ்பத்திரிக்குக் குறைவாகக் கிடைக்கிறார்கள், கை பழகுவதில்லை. கை பழகாததால் சீக்கிரம் வந்த ஒருத்திக்கும் அக்குளை வழிக்கிறார்கள். வீங்கிய கையோடு அவள் தெருவுக்குத் திரும்புகிறாள். பார்த்தவள், தன் மார்பில் கட்டி தட்டுப்பட்டால், இன்னும் ஆறு மாசம் தள்ளிப்போடுகிறாள்.

இதை உடைக்க ஒவ்வொரு ஊரிலும் செய் என்று கேட்கலாமா? கூடாது என்பது என் கட்சி. தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். ஒரு பேச்சுக்கு, டெல்டாவில் வருசத்துக்கு இந்த அறுவைக்குத் தகுந்த பெண்கள் நூறு பேர் என்று வைப்போம். பத்து ஆஸ்பத்திரிக்குப் பிரித்தால் ஆளுக்குப் பத்து. இருபதைத் தொடவே இரண்டு வருடம், அதற்குள் டாக்டர் மாறிவிடுவார். எல்லா ஊரிலும் கத்தி இருக்கும், எந்த ஊரிலும் கை இருக்காது. அதே நூறு பேர் ஒரு இடத்துக்கு வந்தால் மூன்றே மாதத்தில் இருபது தாண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஐந்து லட்சம் வரை கொடுக்கிறது, நல்லதுதான். ஆனால் பட்டியலில் உள்ள எந்த ஆஸ்பத்திரியையும் அது ‘நீ எத்தனை செஞ்சிருக்க?’ என்று கேட்பதில்லை. அதிகம் செய்கிற இடத்தில் சாவு குறைவு என்று சுமார் 1500 ஆஸ்பத்திரிகளை அலசி, பெரிய அறுவைகளுக்கு லுஃப்ட் எழுதியது 1979இல். புதிய விஷயம் ஒன்றுமில்லை.

ஒரே இடம் என்றால் சென்னைக்கு அனுப்பு என்பார்கள். புதுக்கோட்டையில் தேவதாசி மரபுத் தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கி, 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுக்க நின்று வளர்த்த அடையாறு நிறுவனம், ஒரே நோயை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி. ஆனால் வேதாரண்யத்துக்காரிக்கு அது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நமக்கு வேண்டியது தஞ்சாவூரில் ஒன்று. மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2019இல் திறந்த பல்நோக்கு உயர்சிகிச்சைக் கட்டடம் இருக்கிறது. டெல்டா முழுவதற்கும் அங்கே ஒரே குழு, குறைந்தது ஐந்து வருடம் மாற்றல் இல்லாத குழு. திருவாரூரும் நாகப்பட்டினமும் கண்டுபிடித்து அனுப்பட்டும், மருந்து ஏற்றட்டும். கத்தி மட்டும் ஒரு இடத்தில். வருகிற பெண்ணுக்கும் துணைக்கு வருகிறவருக்கும் பஸ் காசும், போன நாள் கூலியும், தங்க இடமும் அரசு கொடுக்க வேண்டும். இது இல்லாமல் ஒரே இடத்தில் குவிப்பது நம் பெண்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிற வேலையாகத்தான் முடியும்.

கருவி இல்லை என்ற சாக்கை ஏற்கக் கூடாது. டெல்லி எய்ம்ஸில் மலிவான மெத்திலீன் நீலத்தோடு ஃப்ளோரசீன் என்ற சாயத்தைச் சேர்த்து, நீல விளக்கு வெளிச்சத்தில் தேடிச் செய்திருக்கிறார்கள். மும்பை டாட்டா ஆஸ்பத்திரி, அக்குளின் கீழ்ப்பகுதியில் இருக்கும் முடிச்சுகளை மட்டும் ஒழுங்காக எடுத்துப் பார்க்கிற முறையைச் சோதித்தது. கதிரியக்கக் கருவியை வைத்துச் செய்வதற்கு அது சளைத்ததில்லை என்று எழுதியிருக்கிறது. இப்போது இன்னும் ஒரு படி தாண்டிவிட்டார்கள். 2023இல் இத்தாலியிலிருந்தும் 2024இல் ஜெர்மனியிலிருந்தும் வந்த ஆய்வுகள், சின்னக் கட்டியும் அக்குள் சுத்தமும் உள்ள சில பெண்களுக்கு முடிச்சைத் தொடவே வேண்டாம் என்கின்றன. ஆனால் அக்குள் சுத்தம் என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்ல ஒரு பழகிய கண் வேண்டுமே! சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறோம்.

எந்த அரசு ஆஸ்பத்திரி வாசலிலும் இந்தக் கணக்கை எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. போன வருசம் மார்பகப் புற்று அறுவை இத்தனை, அதில் தலைமடை முடிச்சோடு நின்றது இத்தனை, தேடியும் அகப்படாதது இத்தனை, முழுசாக வழித்துப் பார்த்து ஒன்றிலும் நோய் இல்லாதது இத்தனை, கை வீங்கியது இத்தனை. கடைசி இரண்டு எண்ணும் ரொம்ப முக்கியம். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். தஞ்சை, திருவாரூர், நாகை மூன்று மருத்துவக் கல்லூரிக்கும் மூன்று மனு. கையெழுத்துப் போட முன்வரும் மாணவத் தோழர்கள் இதழின் முகவரிக்கு எழுதுங்கள். குறுவை நடவு தொடங்குவதற்குள் மனு போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.